பேஸ்பால் சைகையும் என் சின்ன ரூமும்

என் மனைவி "சரிங்க" என்று சொன்ன அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இருபத்து நான்கு வருஷத் தாம்பத்தியத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து எடுத்த எடுப்பில் வந்ததே கிடையாது. "ஏன்?" வரும். "எதுக்கு?" வரும். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்பது தினமும் வேளைக்கு ஒரு தடவை வரும். அன்றைக்கு மட்டும் "சரிங்க" வந்தது. அதுவும் சிரித்த முகத்தோடு.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் சர்வதேசச் சிறுவர் பேஸ்பால் சாம்பியன்ஷிப் நடக்கப் போகிறது. பதினாறு நாட்டுப் பிள்ளைகள். ஹோட்டலில் அடைத்து வைத்தால் பிள்ளைகளுக்கு உலகம் தெரியாமல் போய்விடும் என்று போட்டிக் கமிட்டிக்குத் தோன்றியிருக்கிறது. ஆகவே ஊர்க்காரர் வீடுகளில், வீட்டுக்கு இரண்டு பேராகப் பத்து நாள் தங்க வைக்க ஏற்பாடு. எங்கள் தெருவுக்குப் பொறுப்பு எதிர்வீட்டு விளையாட்டு டீச்சர். அவள்தான் நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் அதைப் படிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு எதற்குப் படிப்பு?

"வெளியில இருந்து ஒரு ஈ எறும்பு கூட இந்த வீட்டுல வந்து தங்கக் கூடாது. இது என் முடிவு!" என்று முழங்கினேன்.

"சரிங்க" என்றாள்.

என் முழக்கத்துக்குக் காரணம் சின்ன ரூம். எங்கள் வீட்டில் அறைகள் இரண்டு. பெரியது படுக்கையறை, இரண்டு ஜன்னல், நல்ல காற்று. சின்னதில் ஜன்னலே கிடையாது. ஆனால் அது என்னுடையது. ஒரு ஈஸி சேர், நான்கு பழைய ரேடியோ. அதில் இரண்டு பாடும். மகள் கல்யாணமாகிப் போன பிறகு நான் போராடிக் கைப்பற்றிய ராஜ்ஜியம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், "ஏங்க" என்ற சத்தம் கொஞ்சம் மெதுவாகக் கேட்கும். அந்த இடத்தில் இரண்டு பிள்ளைகளும் நான்கு மட்டைகளுமா?

மறுநாள் காலை என் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். கடை எங்கள் தெருவிலேயே, வீட்டுக்கு நாலு கட்டடம் தள்ளி இருக்கிறது. தற்செயலாக வெளியே எட்டிப் பார்த்தேன். மாடி பால்கனியில் என் மனைவி. எதிர் பால்கனியில் டீச்சர். இருவரும் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி மூக்கைத் தொட்டாள். காதைத் தொட்டாள். முழங்கையைத் தடவினாள். மறுபடி மூக்கு. டீச்சர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசினால் ஏழு வீட்டுக்குக் கேட்கிற இருவர் பேசாமல் நிற்பதா?

மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"காலையில பால்கனியில என்ன?"

"துணி காயப்போட்டேன்."

"மூக்கைத் தொட்டியே?"

"அரிச்சது."

"காது?"

"அதுவும் அரிச்சது."

"முழங்கை?"

"ஏங்க, எனக்கு அரிக்கிறதுக்கெல்லாம் உங்ககிட்ட லிஸ்ட் கொடுக்கணுமா?"

பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

அன்று சாயங்காலமே அதிர்ஷ்டம் கடை வாசல் ஏறி வந்தது. தொப்பி போட்ட ஒருவர், மூக்குக்கண்ணாடியில் ஆணி கழன்றுவிட்டது என்று வந்தார். போட்டியில் ஆடப்போகும் நம் நாட்டு அணியின் கோச், பிள்ளைகளுக்கு முன்னாலேயே வந்துவிட்டாராம். ஆணியை முடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"ஏன் சார், உங்க ஆட்டத்துல மூக்கு, காதெல்லாம் தொடுவாங்களா?"

"அதுலதான் சார் ஆட்டமே இருக்கு. பேஸ்பால்ல பேசினா எதிராளிக்குக் கேட்டுடும். அதனால கோச் ஓரமா நின்னு சைகை காட்டுவார். பத்து இடத்தைத் தொடுவார். ஒன்பது சும்மா. முழங்கைதான் சாவின்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க. முழங்கைக்கு அப்புறம் என்ன காட்டறாரோ அது மட்டும்தான் நிஜம்."

முழங்கை! ஆணியை ஒரே முடுக்காக முடுக்கிக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன்.

"இன்னொண்ணு சார், எதிராளி பாக்கறான்னு தெரிஞ்சுட்டா..."

"போதும் சார், புரிஞ்சுபோச்சு" என்று அவரை அனுப்பிவைத்தேன்.

அடுத்த நான்கு நாள் நான் வியாபாரமா செய்தேன்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேவு பார்த்தேன். புது பிரேம் மாட்டிப் பார்க்கிறவர்களுக்காகக் கடையில் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். அதைச் சாய்த்துத் திருப்பினால் எங்கள் பால்கனி பளிச்சென்று தெரிந்தது. பிரேம் மாட்டிக்கொண்ட வாடிக்கையாளர்கள்தான் தங்கள் முகத்தைத் தேடினார்கள்.

"என்ன சார், இதுல ஏதோ துணி காயுது?"

"தூரப் பார்வை டெஸ்ட் சார். துணி தெரியுதா? அப்ப உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம், போங்க."

இப்படி மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். முழங்கைக்குப் பின் மூக்கு என்றால் டீச்சர் வீட்டுக்கு வருகிறாள். முழங்கைக்குப் பின் காது என்றால் போன் வருகிறது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

புதன்கிழமை பெரிய சைகை வந்தது. முழங்கை. இரண்டு விரல். கன்னத்தில் கை வைத்துத் தூங்குவது போல ஒரு பாவனை. பின்னால் சின்ன ரூம் இருக்கும் பக்கம் கட்டைவிரல். கடைசியாக, நன்றாக விரித்த ஐந்து விரல்.

வெள்ளிக்கிழமைதான் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள் என்று ஊரெல்லாம் போஸ்டர். ஆக, வெள்ளி சாயங்காலம் ஐந்து மணிக்கு, நான் கடையில் இருக்கும்போது, இரண்டு பேர் என் சின்ன ரூமில் படுக்கப் போகிறார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்!

உடனே கத்தினால் அவள் திட்டத்தை மாற்றிவிடுவாள். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் கடைக்கு லீவு விட்டேன். சின்ன ரூமில் ஒரு தலையணைக்குக்கூட இடம் மிஞ்சக் கூடாது என்று கச்சை கட்டினேன். பெரிய ரூமிலிருந்து என் கட்டிலைத் தூக்கினேன். என் துணிமணி, மேஜை, செருப்பு ஸ்டாண்டு, கடைசியாக இரும்பு பீரோ. பீரோவை அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது என் இடுப்பு ஏதோ ஒரு பாஷையில் கதறியது.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"என்னங்க இதெல்லாம்?"

"பெரிய ரூம்ல காத்து ஜாஸ்தி. சளி பிடிக்குது. இனிமே எனக்கு இங்கதான்."

"பீரோ கனமாச்சே. ஒரு கை பிடிக்கட்டுமா?"

"தேவையில்ல! யார் உதவியும் எனக்குத் தேவையில்ல!"

"சரிங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கே கடையைச் சாத்திவிட்டு வந்து, சின்ன ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு வாசலில் வேன் சத்தம். படியில் தடதடவென்று காலடி. கதவைத் தட்டட்டும், நன்றாகக் கேட்கிறேன் என்று தொண்டையைச் செருமித் தயாராக இருந்தேன்.

யாரும் தட்டவில்லை.

பத்து நிமிஷம் ஆயிற்று. பக்கத்தில் கட்டில் இழுக்கும் சத்தம். சிரிப்புச் சத்தம். தாழ்ப்பாளை எடுத்து ஓர் அங்குலம் திறந்து பார்த்தேன்.

காலியாகிக் கிடந்த பெரிய ரூமில் புதுசாக ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டிருந்தாள் டீச்சர். என் மனைவியின் கட்டிலில் இரண்டு பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பையைச் சுமந்து வந்தவர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். அதே கோச்!

"அன்னிக்குச் சொல்ல வந்தேன் சார். எதிராளி பாக்கறான்னு தெரிஞ்சுட்டா, பொய்ச் சைகை காட்டி அவனை வேற பக்கம் ஓட விடுவாங்க."

மனைவியை இழுத்து வைத்துக் கேட்டேன். "இது என்ன அநியாயம்?"

"நோட்டீஸைப் படிச்சீங்களா? ஜன்னல் இல்லாத ரூம்ல பிள்ளைங்களைத் தங்க வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. பெரிய ரூம்தான் வேணும். காலி பண்ணுங்கன்னு நான் கேட்டா நீங்க பண்ணியிருப்பீங்களா?"

"நான் பாக்கறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடி விக்கிற மனுஷன் கேக்கற கேள்வியா இது? கண்ணாடில நீங்க என்னைப் பாத்தா, அதே கண்ணாடில நான் உங்களைப் பாக்க மாட்டேனா? முதல் நாள் நானும் டீச்சரும் சும்மா பழகிப் பாத்தோம். நீங்க லிஸ்ட் கேட்டீங்க. உடனே டீச்சர்கிட்ட சொல்லிக் கோச்சை உங்க கடைக்கு அனுப்பிவச்சேன்."

அவள் குரல் தணிந்தது.

"பொண்ணு போனதுல இருந்து இந்த வீட்டுல சத்தமே இல்லைங்க. எனக்கு ஆசையா இருந்தது. பத்தே நாள்தான். அதுவரைக்கும் நான் டீச்சர் வீட்டுல படுத்துக்கறேன்."

அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது? அந்தப் பிள்ளைகள் சிரிப்பதைப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்து நின்றால்தான் இடம் இருந்தது.

வெளியே போட்டிக் கமிட்டியிலிருந்து ஓர் அம்மாள் படிவத்தோடு வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பது கேட்டது. என் கதவருகே செருப்புச் சத்தம் நின்றது.

"இந்த ரூம்ல யாருங்க?"

என் மனைவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அதுல ஒருத்தர் தங்கியிருக்காருங்க. சாதுவான ஆள்தான், பிள்ளைங்களுக்குத் தொந்தரவு இருக்காது."