அனைவரும் நலம்

நலமாக இருப்பவர்களின் மேல் இவ்வளவு எரிச்சல் வருமென்று அவள் நினைத்ததே இல்லை.

மேசையில் இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். ‘நலமாக இருக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு அத்தனை பேரும் ‘நலம்’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

சுகாதார அலுவலகம் எந்தச் சேவைக்கு ஒப்பந்தம் போடலாம், எதை நிறுத்தலாம் என்பதற்கான வழிகாட்டு நெறிகளை ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியது அவள்தான். முதல் நெறி: தேவை இருக்குமிடத்துக்கே சேவை. இரண்டாவது: தேவையை மக்களைக் கேட்டே அறிய வேண்டும். எழுதும்போது அழகாகத்தான் இருந்தன. இப்போது அவை இரண்டும் சேர்ந்துகொண்டு மருந்தகத்து மாடியிலிருந்த பேச்சறையை மூடப் பார்த்தன. இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், வருகிறவர்களின் மனக்கவலையைக் குறுக்கே பேசாமல் கேட்க ஓர் ஆலோசகர். தேவை இல்லையென்றால் இந்த மாதத்தோடு சரி.

“நலமான்னு கேட்டா நலம்னுதானே சொல்லுவாங்க,” என்றாள், கோப்புகளைக் கவனிக்கும் கோப்பு அக்கா. “பஸ்ல கால மிதிச்சவன்கிட்டயே பரவால்லன்னுதான் சொல்றோம்.”

சரியென்று அவள் கேள்வியை மாற்றி, தொலைபேசியில் கேட்டாள். “உங்களுக்கு என்னம்மா குறை?”

“எனக்குக் குறைன்னு யார் சொன்னா? என் மருமகளா?”

“இல்லம்மா, பொதுவா எல்லாரையும்…”

“அவதான். நீங்க ஃபோன வைங்க, நான் பேசிக்கிறேன்.”

மாலைக்குள் நான்கு வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. குறை இருப்பதாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்தின் மேல் மட்டும் பதினாறு புகார்கள்.

“தன்னைப் பத்திக் கேட்டாத்தான் வாய் ஒட்டிக்கும்,” என்றாள் கோப்பு அக்கா. “பக்கத்து வீட்டப் பத்திக் கேட்டுப் பாருங்க.”

கேட்டாள். படிவத்தில் இடம் போதாமல் தனித்தாள் இணைத்து அனுப்பினார்கள். ‘எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியோடு சண்டை போடுகிறார்.’ ‘மாடிவீட்டம்மா துணி காயப்போடும்போது மட்டும் அழுகிறார். ஈரத்துணியால் முகம் துடைப்பது போலக் காட்டிக்கொள்கிறார்.’ கேலியாகத் தொடங்கிய தாள்களும் முடிவுக்கு வரும்போது குரல் தணிந்திருந்தன. ஒருவரையொருவர் ஒரு வார்த்தை விசாரிக்காதவர்கள் இத்தனை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு என்னவோ செய்தது.

கூட்டிப் பார்த்தால் மனக்கவலை உள்ளவர்கள் ஆயிரத்து நூறு பேர். அந்த வட்டாரத்தின் மக்கள்தொகை எண்ணூறு.

இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். “என்னம்மா இது? முதல்ல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லன்னீங்க. இப்ப இல்லாதவங்களுக்கும் இருக்குங்கறீங்க.”

“ஒரே ஆளப் பத்தி நாலு வீட்டுல எழுதியிருக்காங்க சார். பிரிச்சு எடுக்கணும்.”

“பிரிக்கவே வேணாம். ஒண்ணு பொய்னு காட்டிட்டாப் போதும், மொத்தத்தையும் தள்ளிடலாம். பழைய படிவத்த வெச்சு ‘அனைவரும் நலம்’னு கோப்ப முடிங்க.” தாள்கட்டிலிருந்து ஒன்றை உருவினார். “இதப் பாருங்க. ‘அந்தம்மா தெருவில் எல்லோரையும் நலம் விசாரிப்பார். வேலை முடிந்து வந்ததும் காரை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக வீட்டுக்குள் போவார்.’ சொந்த வீட்டு வாசல்ல யாராவது அரைமணி நேரம் கார்ல உட்காருவாங்களா? சுத்தப் புளுகு. அந்தம்மாவத் தேடிப் பிடிச்சு, ‘நான் நலம்’னு ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. வேலை முடிஞ்சுது.”

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் சிறிதாக ஒரு விலாசம் இருந்தது. கோப்பு அக்கா அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இது உங்க வீட்டு விலாசமாச்சே,” என்றாள்.

இயக்குநர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. “அட, நல்லதாப் போச்சு. தேடற வேலையும் மிச்சம். நீங்களே போட்டுடுங்க.” பேனாவைத் திறந்து நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கினாள். மூடியைத் திருகி மூடி, அவர் பக்கமே வைத்தாள்.

“வேணாம் சார்,” என்றாள். “பக்கத்து வீட்டம்மா சரியாத்தான் எழுதியிருக்காங்க.”