ஈரச் சுவரும் நான்காம் பருவ மதிப்பெண்களும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள்தான் எழுதுவதில்லையே. உங்கள் தங்கை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

நீங்கள் உறுப்பினராக இருக்கும் சட்டக் கல்லூரிச் சேர்க்கைக் குழுவுக்கு என் மகள் விண்ணப்பிக்கிறாள். சிபாரிசு கேட்கவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன் வேறொரு விஷயமாக ஒருமுறை கேட்டேன். நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தீர்கள். அது இந்த ஜென்மத்துக்குப் போதும். இது விண்ணப்பப் படிவத்தின் பதினான்காவது கேள்வி பற்றியது: ஏதேனும் ஒரு பருவத்தில் மதிப்பெண் குறைந்திருந்தால் காரணம் என்ன? அவளுக்கு எல்லாப் பருவத்திலும் எண்பதுக்கு மேல். நான்காம் பருவத்தில் மட்டும் நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று, பொருளியலில் 'வரவில்லை'. இதனாலேயே இடம் கை நழுவலாம் என்று உங்கள் தங்கையிடம் சொன்னீர்களாம். இழப்பீட்டு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் பிறர் எழுதும் காரணங்களை நிராகரிப்பவன் நான். நல்ல காரணம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நானே எழுதுகிறேன்.

காரணம், மேல்வீட்டு வக்கீல். தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். குழாயைத் திறந்துவிடுவதிலிருந்து பெறவில்லை. அந்தப் பருவம் தொடங்கிய வாரம் என் கூடத்துச் சுவரில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. நியாயம் கிடைக்கும்வரை அவர் படியை மிதிப்பதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டதால், நான் சொல்லச் சொல்ல மகள் நோட்டீஸ்களைத் தட்டச்சு செய்து மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். மொத்தம் முப்பத்தேழு. ஒவ்வொன்றுக்கும் அந்த ஆள் உட்காரவைத்துப் பதில் எழுதியதால் அவள் இறங்கிவர ஒரு மணி நேரமாகும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஸ்கேல் வைத்து ஈரத்தை அளந்து கையெழுத்துப் போடுவதும் அவள்தான். ஒருநாள், "அப்பா, நேத்திலேருந்து நூல் அளவுகூட வளரலப்பா. நாளைக்கு எனக்குப் பரீட்சை" என்றாள். "ஈரத்துக்குப் பரீட்சை தெரியுமாடி?" என்றேன். பொருளியல் தேர்வன்று குழாய்க்காரர் சுவரை உடைக்க வந்தார். சாட்சி வேண்டாமா? மகளைத் தேர்வுக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டேன். அவர் உடைத்துப் பார்த்துவிட்டு, "சார், மேலேருந்து சொட்டுத் தண்ணி வரல. இது உங்க பாத்ரூம் பைப்பு சார்" என்றார். அவரை வக்கீல் கைக்குள் போட்டுக்கொண்டார் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? முப்பத்தெட்டாவது நோட்டீஸை அன்றே சொன்னேன். மகள் தட்டச்சு செய்யவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக, தவறு அவளுடையது அல்ல, மேல்வீட்டினுடையது. குழு இதை மனதில் கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். என்னைக் கடித்த உங்கள் நாயையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இதைத் தட்டச்சு செய்ய மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நான் போன மாசமே அனுப்பிட்டேம்ப்பா" என்று தன் பதிலின் நகலைக் காட்டினாள். இரண்டே வரி: "அந்தப் பருவம் முழுவதும் ஒரு நீர்க்கசிவுத் தகராறில் என் அப்பாவின் நோட்டீஸ்களைத் தட்டச்சு செய்தேன். எதிர்த்தரப்பின் பதில்களைப் படித்துப் படித்துத்தான் சட்டம் படிக்க முடிவு செய்தேன்." பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர் மேல்வீட்டு வக்கீல். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நீங்கள் உட்பட. குறித்துக்கொண்டேன்.

நாளைக் காலையில் நேர்முகத் தேர்வுக்கு அவர் காரில்தான் போகிறோம். "நாம வர்றோம்னு நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்கப்பா" என்று மகள் சொன்னதால் ஒன்றரை வருடம் கழித்து இன்று அந்தப் படியேறினேன். மொத்தம் பதினெட்டுப் படி. எட்டாவது படியில் சிமெண்ட் பெயர்ந்திருக்கிறது. பொறுப்பு யாருடையது என்று எழுதிக் கேட்க நினைத்தேன். தட்டச்சு செய்ய ஆளில்லை. இந்தக் கடிதமும் அதனால்தான் கையெழுத்தில் வருகிறது.