தக்காளி நாற்பது பீஸ்

தாராவியிலேயே ரூபாய் என்ற சொல்லை வாயால் சொல்லாமல் குடும்பம் நடத்திய ஒரே ஆள் பீஸ் அக்காதான். நோட்டை வாங்குவாள், கொடுப்பாள். பெயரைச் சொல்ல மாட்டாள்.

அவளுடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் சந்தில் முப்பத்தொரு கதவுகள். விசாரித்துப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. என் கதவுக்கு நேர் எதிரே அவள் கதவு. இடையில் நான்கு அடி. செம்பூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் முப்பத்தெட்டு வருடம் சரக்கு எண்ணி ஓய்வு பெற்றவன் நான். எண்ணுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்த எனக்கு நான்கடி தூரத்தில் ஒரு போட்டி!

சந்து முனையில் இரும்பு ஏணியில் பதினான்கு படி ஏறினால் ஒரு பட்டறை. பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, செல்போன் சார்ஜருக்குள் இருக்கும் பச்சைத் தகட்டில் சூட்டுக்கோலால் ஒயரைப் பற்றவைப்பார்கள். ஒரு சார்ஜருக்கு ஒன்றரை ரூபாய் கூலி. அதுதான் ஒரு பீஸ். பீஸ் அக்காவுக்கு உலகத்தில் வேறு அளவையே கிடையாது.

"அண்ணாச்சி, தக்காளி கேட்டியளா? கிலோ நாப்பது பீஸு! நாப்பது தடவ மூக்குல பொக ஏறுனாத்தான் ஒரு கிலோ. இத ரசம் வைக்கவா, மாலையாக் கட்டி சாமி படத்துக்குப் போடவா?"

டீ எட்டு பீஸ். வடாபாவ் பத்து பீஸ். பல் பிடுங்க டாக்டர் முந்நூறு ரூபாய் கேட்டபோது, "இருநூறு பீஸா? பட்டறையில இடுக்கி கெடக்கு, நானே பிடுங்கிக்கிடுதேன்" என்று நாற்காலியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். ஒரு கல்யாணத்தில் மொய் எழுதுகிறவரிடம் ஐந்நூற்றொரு ரூபாயை நீட்டி, "முன்னூத்தி முப்பத்திநாலு பீஸுன்னு எழுதும்" என்றாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மனதுக்குள் பெருக்கினேன். சரியாக இருந்தது!

"ரூபாய்னு சொன்னா என்னவாம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது எங்க அண்ணாச்சி என் கையில நிக்கி? பீஸுதான் நிக்கி" என்று விரல்களை விரித்துக் காட்டினாள்.

ஆறே மாதத்தில் இந்தக் காய்ச்சல் சந்து முழுக்கத் தொற்றியது. சூட்டுக்கோலைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட பீஸில் பேசினார்கள். என் ரத்த அழுத்த மாத்திரை அட்டைக்கு எத்தனை பீஸ் என்று நானே ஒருநாள் மருந்துக்கடையில் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அக்காவிடம் வாடகை வாங்கும் வீட்டுக்காரர், எங்கள் சந்திலேயே இரண்டு கதவு தள்ளி இருப்பவர், வந்தார். பம்பாயிலேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது.

"அக்கா, பாடா ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஏழாயிரத்து ஐந்நூறு. முடியலேன்னா மான்குர்த்ல கம்மி பாடால ரூம் கிடைக்கும், போயிடு."

அதுவரை வாடகை ஆறாயிரம். அக்காவின் கண்கள் சுருங்கின. "மான்குர்த்தா? போக வர ரெண்டு மணி நேரம். தெனம் அறுவது பீஸு ரயில்லயே போயிரும். பட்டறைக்காரன் வேற ஆளப் போட்டுருவான். நான் போவ மாட்டேன். ஏழாயிரம் எட்டாயிரமெல்லாம் எனக்குப் புரியாது, பீஸுல சொல்லும்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஐயாயிரம்" என்றேன்.

"அச்சா, ஐயாயிரம் பீஸ். அங்கிள், லிக்கோ!"

எழுதினேன். 'மாத வாடகை ஐயாயிரம் பீஸ்.' இரண்டு நகல், முத்து முத்தான கையெழுத்து, சாட்சியாக என் கையொப்பம். ரூபாயில் எவ்வளவு என்று எழுத மறந்துவிட்டேன். ஸ்டோரில் எண்ணிக்கையை மட்டும் எழுதியே பழகிய கை. விலை எழுதுவது அக்கவுண்ட்ஸ்காரர்கள் வேலை!

அக்காவின் கை மாதத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு பீஸ் ஓடும். வாடகை போக ஆயிரத்து ஐந்நூறில் மாதம் முழுக்கச் சாப்பிட வேண்டும். கூலி ஏறாவிட்டால் மான்குர்த்தான்.

மறுநாள் ஒரு வடாபாவை வாங்கிக்கொண்டு பதினான்கு படியும் ஏறினாள். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே ஏறினேன். பட்டறைக்காரர் மேசையில் அதை வைத்தாள்.

"சேட்டு, இது பத்து பீஸு. போன வருசம் எட்டு பீஸு. வட பெருசாச்சா, இல்ல என் கை சிறுசாச்சா? நீரே சொல்லும்."

பட்டறைக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. தன் சூட்டுக்கோலின் பிளக்கைப் பிடுங்கினாள். பக்கத்துப் பெண்ணும் பிடுங்கினாள். நான் எண்ணினேன்: பன்னிரண்டு! தீபாவளி ஆர்டர் மூட்டை மூட்டையாகக் காத்திருந்தது. வடாபாவ் ஆறுவதற்குள் ஒன்றரை ரூபாய் இரண்டு ரூபாயாகிவிட்டது!

அடுத்த நாள் காலை சந்தில் விலைவாசி இறங்கிவிட்டது. ஆமாம், இறங்கிவிட்டது! "தக்காளி முப்பது பீஸாம்! டீ ஆறு பீஸாம்!" என்று ஒரே கூச்சல். அடுத்த சந்திலிருந்தெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். காய்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார்: "நான் எங்கம்மா எறக்குனேன்? அதே அறுவது ரூவாதான்!" யார் காதில் விழுந்தது? நானே இரண்டு கிலோ வாங்கினேன். நூற்றிருபது ரூபாய் கொடுத்தது வீட்டுக்கு வந்து பையை வைத்த பிறகுதான் உறைத்தது.

அந்தச் சத்தம் வீட்டுக்காரர் காதையும் எட்டியது. ஒன்றாம் தேதி வந்து நின்றார்.

"அக்கா, பேப்பர்ல ஐயாயிரம் பீஸ். இப்போ பீஸ் ரெண்டு ரூபியா. பத்தாயிரம் நிக்காலோ, எடுத்து வை. இல்லேன்னா காலி பண்ணு."

பீஸ் அக்கா என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, இவ்வொ சொல்லுதது கணக்குப்படி சரியா?"

"சரிதான்" என்றேன். எண்ணிக்கையில் பொய் சொல்லி அறியாத வாய். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு கைவண்டி சந்துக்குள் நுழைந்தது. மேலே ஐந்து சாக்கு. பின்னால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பீஸ் அக்கா. பழைய சாமான் கடையில் அரை நாளுக்கு இரவல் வாங்கிய செத்துப்போன சார்ஜர்கள்! வீட்டுக்காரர் வாசலில் ஒவ்வொன்றாகச் சாய்த்தாள்.

"பீஸுதானே கேட்டிய? ஐயாயிரம் இருக்கு. எண்ணி எடுத்துக்கிடும்."

"அரே, இது பூரா கராப், கெட்டுப்போன மால்!"

"உசுரோட இருக்கணும்னு பேப்பர்ல எழுதலையே!"

முப்பத்தொரு கதவுகளும் திறந்துகொண்டன. சந்தே சிரித்ததைத் தாங்காமல் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அங்கிள் எண்ணட்டும். சரியா ஐயாயிரம் இருந்தா பழைய ஏழாயிரத்து ஐந்நூறே போதும். ஒண்ணு கம்மின்னாலும் பத்தாயிரம். கபூல்? சம்மதமா?"

"கபூல்" என்றாள் அக்கா, யோசிக்காமல்.

பழைய சாமான் கடையில் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், யாரும் எண்ணுவதில்லை. பத்துப் பத்தாக அடுக்கி எண்ணத் தொடங்கினேன். வீட்டுக்காரர் முதல் முந்நூறு வரை கூடவே எண்ணினார். பிறகு செல்போனில் கிரிக்கெட்டில் மூழ்கிவிட்டார். எனக்கு நான்கு டீ வந்தது. முதுகு ஒடிந்தது. ஒன்றரை மணிக்கு ஐந்தாவது சாக்கின் அடியில் கையை விட்டேன். தூசிதான் கிடைத்தது. நான்காயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு.

நிமிர்ந்து பார்த்தேன். பீஸ் அக்கா தன் வாசற்படியில் குந்தியிருந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு. விரல்களில் சூட்டுக்கோல் சுட்ட கறுப்புத் தழும்புகள். அவற்றை நான் எப்போதோ எண்ணியிருக்கிறேன், ஏழு.

"ஐயாயிரம்" என்றேன். "சரியாக இருக்கிறது."

"பக்கா, அங்கிள்?"

"முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்" என்றேன்.

வீட்டுக்காரர் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு புதுத் தாள் கேட்டார். இந்தத் தடவை ரூபாயில் எழுதினேன், எண்ணாலும் எழுத்தாலும். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில்தான் பாக்கிக் கணக்கை இங்கே சொல்கிறேன். பீஸ் அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிர்க் கதவிலிருந்து குரல் வருகிறது: "அண்ணாச்சி, வெங்காயம் இருவது பீஸாம்! கேட்டியளா அநியாயத்த?"

பதின்மூன்று பீஸுக்கு இந்தச் சத்தம் எனக்குக் கொள்ளை மலிவு.