அங்கே தும்மினால் இங்கே சளி

மேனேஜர் அறைப் பிரிண்டர் தன்பாட்டுக்குக் காகிதம் துப்பிக்கொண்டிருந்தது. எல்லாம் கிடங்கின் லோடு சீட்டுகள்.

"என்னய்யா இது? இத்தனை மூட்டை சிமெண்டை நான் எங்க இறக்கி வைக்க?" என்றார் மேனேஜர்.

'ஒயர்' தலையைச் சொறிந்தான். நெட்வொர்க் வேலை பார்ப்பதால் ஆபீசில் அவனுக்கு அந்தப் பெயர்.

ஆபீசையும் நகரத்தின் மறுகோடியில் இருந்த கிடங்கையும் லைன் வாடகைக்குத் தரும் லிங்க் கம்பெனியின் கேபிளால் அன்றுதான் இணைத்திருந்தான். இணைத்தான் என்றால் நடுவில் ரௌட்டர் இல்லை, தடுப்பு இல்லை. இரண்டும் ஒரே அறை மாதிரி. அங்கே தும்மினால் இங்கே சளி பிடிக்கும்.

"இந்தப் பிரிண்டருக்கும் கிடங்குப் பிரிண்டருக்கும் நெட்வொர்க்கில ஒரே அட்ரஸ் சார். இதோ மாத்திடறேன்."

மாற்றினான். புது அட்ரஸில் ஏற்கெனவே கிடங்கின் பில்லிங் சர்வர் குடியிருந்தது. பில்லிங் படுத்தது, லாரிகள் வாசலில் நின்றன.

அதையும் சரிசெய்து, அப்பாடா என்று நாற்காலியில் சாய்வதற்குள் இரண்டு இடத்திலும் நெட்வொர்க் ஒருசேர விழுந்தது.

"சாயங்காலத்துக்குள்ள லிங்க் ஓடணும். இல்லேன்னா நாளைக்கு நீ வராதே" என்றார் மேனேஜர்.

ஒயருக்கு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். சம்பாத்தியம் இவன் ஒருவனுடையது.

லிங்க் கம்பெனிக்குப் போன் போட்டான்.

"எங்க பக்கம் எல்லாம் க்ளீனா இருக்கு சார்."

"அப்ப அழுக்கு எங்கய்யா இருக்கு?"

"உங்க பக்கம் சார்."

கிடங்கில் இதே வேலை பார்த்தவன் அவன் மனைவியின் தம்பி.

"மச்சான், அங்க எதையாவது தொட்டியா?"

"இல்ல மாமா. இன்னிக்கு விட்டுடுங்களேன், மெதுவாப் பார்த்துக்கலாம்."

"நாளைக்கு என் வீட்டுக்கு நீயா சோறு போடுவே?"

போனை வைத்தான். ஒயர் பைக்கை எடுத்தான்.

கிடங்கில், மூட்டைகளுக்குப் பின்னால் ஸ்விட்ச் பெட்டி. ஒரு குட்டி ஒயரின் இரண்டு முனையும் அந்த ஒரே பெட்டியில் செருகியிருந்தன! போன தகவலே திரும்பி வந்து, வந்தது மறுபடி போய், செக்குமாடாய்ச் சுற்றி இரண்டு இடத்தையும் மூச்சுத் திணற அடித்திருக்கிறது.

பிடுங்கினான். சட்டென்று எல்லாம் ஓடத் தொடங்கியது.

"யாருடா மாட்டினது?"

மைத்துனன் தலை குனிந்தான்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் உங்கக்கா உன்னை இங்க சேர்க்கச் சொன்னாளா? இனிமே என் வாசப்படி மிதிக்காதே!"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தான்.

போன் அடித்தது. மேனேஜர்.

"சபாஷ்! காலையில முதல் வேலையா என்னை வந்து பாரு."

"பிரமோஷன்தான்!" என்றான் ஒயர், பக்கத்தில் நின்ற எடை மேஸ்திரியிடம்.

மேஸ்திரி தராசை விட்டு நிமிர்ந்தார்.

"லிங்க் ஓடிட்டா ரெண்டு எடத்துக்கும் ஒரு ஆள் போதும், உங்களை நிறுத்திடப் போறாங்கன்னு காதுல விழுந்துதான் சார், உங்க மச்சான் அதை ஓடவிடாமப் பார்த்துக்கிட்டிருந்தாரு."