சுவருக்கு வணக்கம் சொல்கிறவர்

மனிதரில் ஓர் இனம் உண்டு. உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களைப் பார்க்காது, சுவரைத்தான் பார்க்கும். தான் வரைந்து அன்பளித்த படம் அங்கே தொங்குகிறதா இல்லையா என்று.

மொன்றியலில் அந்த இனத்துக்குத் தலைவர் அருமைநாதன். டோர்வல் விமான நிலைய வேலையில் ஓய்வு கிடைத்ததும் மனிதர் சும்மா இருந்தாரா? சீன மை ஓவிய வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அங்கே பிளம் பூ, ஓர்க்கிட், மூங்கில், செவ்வந்தி நாலும் நாலு சான்றோராம். ஆறு கிழமையில் ஐந்தாவது சான்றோரும் தயாராகிவிட்டார். பால் விடாத தேத்தண்ணி குடித்தார், பேச்சு நடுவில் கண்ணை மூடினார், மெட்ரோவில் பக்கத்தில் அகப்பட்டவரிடமெல்லாம், "வெறுமைதான் படம். மை சும்மா ஒரு சாட்டு," என்று விளக்கினார்.

வீட்டில்? மனைவி தவமலர் ஓர்க்கிட்டைப் பார்த்து, "கறிக்கு லீக்ஸ் நல்லா வந்திருக்கு," என்றார். மூங்கிலைப் பார்த்து, "மிச்சத்தை எப்ப கீறப்போறியள்?" என்றார்.

கலைஞர் பொறுப்பாரா? மூங்கில்கள் ஊர்வலம் புறப்பட்டன. பிறந்தநாளா, மூங்கில். கலியாணமா, மூங்கில். நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம், கூட வேலை செய்த ஸ்ரீதரனின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு இருப்பதிலேயே பெரிய மூங்கில். அது அந்த வரவேற்பறைச் சுவரில் ஏறினால் போதும், தவமலரை அதன் முன்னால் நிறுத்தி வாயை அடைத்துவிடலாம்.

ஒரு ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் மனைவியுடன் போய் இறங்கினார். கதவு திறந்தது. சுவரில் மூங்கில்! அப்பாடா!

கிட்டப் போனவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். இலைகள் இலைகளாகவே இருந்தன. தண்டு நிமிர்ந்து நின்றது. மூலையில் எவரோ ஒரு சீனரின் சிவப்பு முத்திரை. கடையில் வாங்கிய அச்சுப் படம்!

ஸ்ரீதரனுக்கு வியர்த்தது. அருமைநாதனின் மூங்கில் நிலவறையில் பெயின்ற் வாளிக்குக் கீழே விரிந்து கிடப்பதை எந்த வாயால் சொல்வது? மனிதருக்கு வித்தியாசம் தெரியாது என்று நம்பித்தானே இதை வாங்கி மாட்டினார்!

"அண்ணை, அது வந்து..."

அதற்குள் தவமலர் படத்தின் முன்னால் வாய் பிளந்து நின்றார். "இஞ்சையப்பா, இது நீங்களே கீறினது? நான் ஒரு விசரி, லீக்ஸ் எண்டெல்லோ சொன்னனான்!"

அருமைநாதன் கண்ணை மூடினார். கலியாணமான காலத்திலிருந்து இப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை.

"ஓம்," என்றார். "அண்டைக்குக் கை நல்லா ஓடினது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கடைசியாக ஒரு வீட்டுக்குப் போனீர்களே, முதலில் பார்த்தது வீட்டுக்காரர் முகத்தையா, அல்லது நீங்கள் கொடுத்த மணிக்கூட்டை மாட்டியிருக்கிறார்களா என்று சுவரையா?