ஆறு தலைமுறைப் பல்

"இவ்ளோ கறுப்பா இருக்கற ஸ்பூனையா நாளைக்குக் குழந்தை வாயில வைக்கப் போறேள்?" என்றாள் மனைவி கோமளா.

வேதாந்தம் கவலையோடு ஸ்பூனைத் திருப்பிப் பார்த்தார். இருநூறு வருடங்களுக்கு முன் பாஸ்டனில் ஒரு தட்டார் வெள்ளிக் காசுகளை உருக்கி அடித்தது. பின்பக்கம் அந்தத் தட்டாரின் பெயர் முத்திரை. பேரனின் அன்னப்பிராசனத்துக்கென்று அமெரிக்கச் சம்பந்தியம்மா ஹேரியட் கொண்டுவந்திருந்தார். மகள் அனுவின் கல்யாணத்துக்கே போகாமல் வீம்பு பிடித்தவர் வேதாந்தம். அப்படிப்பட்ட தன் கையில் அந்த அம்மா நம்பிக் கொடுத்தாரே என்று நெகிழ்ந்து போயிருந்தார்.

வெள்ளிக்கு விபூதி போட்டுத் தேய்ப்பதுதான் வழக்கம். வைஷ்ணவர் வீட்டில் அதற்கு எங்கே போவது? நெற்றிக்கு இடும் திருமண்ணையே குழைத்துத் தேய்த்தார். ஸ்பூன் பளபளத்தது. கூடவே நுனியில் இருந்த நசுங்கல்களும் பளிச்சென்று தெரிந்தன.

மயிலாப்பூரில் டில்லிபாபுவின் வெள்ளிப் பட்டறைக்கு ஓடினார்.

"இன்னா சார், நுனியெல்லாம் இப்டி நசுங்கிக் கீது? குந்து, தட்டிக் குடுக்கறேன்."

ஒரு பள்ளமில்லாமல் தட்டிக் கொடுத்தான் டில்லிபாபு.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தி.நகர் புடவைக் கடையிலிருந்து அனு போன் செய்தாள். மாமியார் ஹேரியட்டும் அவளோடு இருந்தார்.

"அப்பா, ஸ்பூன் பத்திரம். நுனியில பள்ளம் பள்ளமா இருக்கே, அதெல்லாம் அந்தாத்துக் குழந்தைகள் கடிச்ச பல் தடம். ஆறு தலைமுறையா. இவாளுக்கு அதுதான் உசுரு."

வேதாந்தம் ஸ்பூனை எடுத்து நுனியைத் தடவிப் பார்த்தார். கல்யாணத்தில் பண்ணியது போதாதென்று இது வேறா? ஸ்பூன் நுனியைக் கடவாய்ப் பல்லில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

கோமளா பார்த்துவிட்டாள். "என்ன இது, எச்சில் பண்றேள்?"

"ஏற்கெனவே ஆறு தலைமுறை எச்சில்டி. என்னோடதும் இருந்துட்டுப் போகட்டும்."

மறுபடியும் கடித்தார்.

சாயங்காலம் ஹேரியட் ஸ்பூனை வாங்கி நுனியை விரலால் மெல்லத் தடவினார். பிறகு நிமிர்ந்து வேதாந்தத்தின் வாயைப் பார்த்தார்.

வேதாந்தத்துக்கு அழுகையே வந்துவிட்டது. பதற்றத்தில் இங்கிலீஷ் மறந்துபோய், திருமண் முதல் கடவாய்ப் பல் வரை எல்லாவற்றையும் தமிழிலேயே கொட்டினார். "வேணும்னு பண்ணலைன்னு சொல்லுடி, அனு."

அனு சொன்னாள். ஹேரியட் சற்று யோசித்துவிட்டு அவள் காதில் ஏதோ முணுமுணுத்தார்.

அனு சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கல்யாணமாகி வந்த புதுசுல இவாளும் பாலிஷ் போடக் குடுத்து எல்லாப் பள்ளத்தையும் தொலைச்சுட்டாளாம். இன்னிவரைக்கும் அந்தாத்துல யாருக்கும் தெரியாதாம். கடவாயால கடிக்கப்படாதாம், முன்பல்லால கடிச்சாத்தான் குழந்தை கடிச்ச மாதிரி வருமாம்."