பதினேழாம் நம்பர் அட்டை

சொந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க ஒரு மனுஷன் வீட்டில் அனுமதி கேட்க வேண்டுமா? நான் பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெட்டிக்குள் இருப்பது நாற்பத்து மூன்று பழைய மாயாஜால காமிக்ஸ். கதையை விடுங்கள், அட்டையைப் பார்த்தாலே வயிறு நிறையும். மூன்று தலை நாகம்! பறக்கும் கட்டில்! ராட்சசன் மூக்குக்குள் ஒளிந்திருக்கும் இளவரசி! அதில் பதினேழாம் நம்பருக்கு மட்டும் அட்டை இல்லை. அது எனக்கு முப்பது வருஷத் துக்கம்.

என் மனைவி ஜெனிலாவின் துக்கம் வேறு.

"இந்தக் குப்பைய பக்கத்து வீட்டு நேசபாய்க்க சண்டே ஸ்கூலுக்குக் குடுத்தா பிள்ளைய வாசிக்கும்லா?"

"நான் உசுரோட இருக்கது வரைக்கும் நடக்காது ஏட்டி!"

"செரி. ஆனா இனி ஒரு பொம்மைப் புஸ்தகம் இந்தப் படி ஏறப்படாது."

அந்த வாரம் பார்த்து, மயிலாடியில் சிலை கொத்தும் பகவதியப்பன் போன் செய்தார்.

"ஓய், ஒம்ம பதினேழாம் நம்பர் அட்டை எங்க பட்டறைச் சுவத்துல தொங்குகு. திங்கக்கிழமை வெள்ளையடிப்பு. வேணும்னா ஞாயித்துக்கிழமை வாரும்."

ஞாயிறு மதியம் நான் கதவைச் சாத்திக்கொண்டு பழைய ரேடியோ நகைச்சுவை நாடகம் கேட்பது ஊருக்கே தெரியும். அதையே கேடயமாக்கினேன். பென் டிரைவில் நாடகத்தை ஏற்றி, நடுநடுவே என் சிரிப்பையும் பதிவு செய்து சேர்த்தேன். ஜெனிலா வெளியிலிருந்து ஏதாவது கேட்டால்? அதற்கும் பதில் வைத்தேன்: "ஆமா." "சரி." "ஒன் இஷ்டம்." எங்கள் தாம்பத்தியத்தில் இதற்குமேல் ஒரு வார்த்தை எனக்குத் தேவைப்பட்டதே கிடையாது.

ஸ்பீக்கரைத் திருகிவிட்டு, பின்வாசல் வழியே பைக்கைத் தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போனேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். சட்டைக்குள் அட்டை. அறைக்குள் நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரை அணைத்து, கொட்டாவி விட்டபடி ஹாலுக்கு வந்தேன்.

பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இல்லை.

"ஏட்டி! எனக்க பெட்டி எங்க?"

"நேசபாய் கொண்டு போயிட்டா."

"யாரைக் கேட்டுக் குடுத்த?"

"ஒங்களத்தான். 'பெட்டிய நேசபாய்க்குக் குடுக்கட்டா?'ன்னு கதவுகிட்ட நின்னு கேட்டேன். 'ஆமா'ன்னிய. 'நாப்பத்து மூணுமா?'ன்னேன். 'சரி'ன்னிய. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னேன். 'ஒன் இஷ்டம்'ன்னு சொல்லிட்டு அப்பிடியொரு சிரிப்பு! நேசபாய்க்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. சாட்சிக்கு அவளக் கூப்பிடட்டா?"

எனக்குக் கொதித்தது. இது அக்கிரமம்! பகல் கொள்ளை! நான் வீட்டிலேயே இல்லையே என்று கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடினேன்.

"ஏன், அந்த நேரம் வேற எங்கயாவது போயிருந்தியளா?" என்றாள், பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"நா... நான் எங்க போக? உள்ளதான் இருந்தேன்."

"அதானே." அடுக்களைக்குப் போகத் திரும்பியவள் நின்றாள். "ஒரு காரியம் மறந்துட்டேன். பதினேழாம் நம்பருக்கு அட்டை இல்லன்னு நேசபாய் குறைப்பட்டா. சட்டைக்குள்ள இருந்து எட்டிப் பாக்குத அட்டைய எடுத்து அவளுக்க கையில குடுத்துட்டு வந்திருங்க."

"ஆமா. சரி. ஒன் இஷ்டம்," என்றேன். இந்தத் தடவை நேரடி ஒலிபரப்பு.